பழுதாகாத வண்டி

"பெரிய இன்ஜின் வச்ச இந்த அமெரிக்க மசில் கார் அடிக்கடி நடுவழியில நின்னுடுமாமே?" விற்பனைக்கு நின்ற வண்டியைச் சுற்றிவந்தபடி ஓய்வுபெற்ற ஆசிரியர் மூன்றாம் முறையாகக் கேட்டார்.

மெக்கானிக் பொறுமையை இழக்கவில்லை. "ஊர் வாயை மூட முடியுமா சார்? கப்பல்ல வந்ததும் இன்ஜினை நானே பிரிச்சு மாட்டினேன். அஞ்சு வருஷத்துக்குக் கை வைக்க வேண்டாம்."

"சூடாகிக்கூட நிக்காதா?"

"நிக்கவே நிக்காது."

ஆசிரியரின் முகம் வாடியது. "அப்ப வேண்டாம்ப்பா."

"மூணு வருஷம் முன்னாடி நான் கொடுத்த வண்டி ஒரு நாளாவது மக்கர் பண்ணிச்சா? என்மேல நம்பிக்கை இல்லையா?"

"அதனாலதான் வேண்டாங்கறேன். அதுக்கு முந்தின வண்டி வாரம் தவறாம நிக்கும். என் மகன் ஓடி வந்து சரிபண்ணிட்டு, என்கூடச் சாப்பிட்டுப் போவான். இப்ப எட்டிப் பார்க்கறதே இல்ல."

"கூப்பிட வேண்டியதுதானே சார்?"

"'வாடா'ன்னு கூப்பிட்டுப் பழகலையேப்பா. 'வண்டி நின்னுடுச்சு'ன்னு மட்டுந்தான் எனக்குச் சொல்லத் தெரியும்."