நண்டு விருந்துக்குப் போனவன்

"ஊரடங்கை மீறி ஞாயித்துக்கிழமை நண்டு விருந்துக்குப் போன. நோயைத் தூக்கிட்டு வந்து உல்பியானோவைக் கொன்னுட்டியேடா!"

ஈக்வடாரின் குவாயாகில் நகரக் கால்பந்து அணி ஒன்றின் கேப்டன் நான். எங்களுக்கு மசாஜ் செய்த பெரியவர் உல்பியானோ கொரோனாவில் இறந்த அன்றே, எங்கள் இளம் வீரன் யாந்திரியை இப்படித் திட்டி அணியைவிட்டுத் துரத்தினேன்.

"எனக்குக் காய்ச்சல்கூட வரலையேண்ணே!" என்று அழுதுகொண்டே போனான்.

வீட்டுக்கு வந்து அடுப்பருகே நின்றிருந்தேன். மனைவி ஓடி வந்தாள்.

"காப்பி தீஞ்சு வீடே நாறுது! பக்கத்துலயே நிக்கிறியே, தெரியலையா?"

தெரியவில்லை.

அந்த விருந்துக்கு இரண்டு நாள் முன்பு உல்பியானோ என் தொடையில் கற்பூரத் தைலம் தேய்த்தது நினைவுக்கு வந்தது.

"என்ன பெருசு, வாசனையே இல்ல? தண்ணி கலந்துட்டியா?" என்று கிண்டல் செய்தேன்.

அவர் சிரித்தார். "புது பாட்டில்டா, இப்பத்தான் உடைச்சேன். எனக்குக் கண்ணே எரியுது!"