எண் இல்லாத பேஸ் கிட்டார்

பின்பக்கத் தகட்டில் எண் இருக்க வேண்டிய இடத்தை யாரோ அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருந்தார்கள்.

கிருபா அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். எதிரே நின்றவருக்கு முன்னால் முகத்தைச் சும்மா வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

அவர் திருமூர்த்தி. பல்லடம் ரோட்டில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். ஒரு காலத்தில், திருவிழா, கல்யாணம் என்று கொங்கு நாட்டையே சுற்றிவந்த ஒரு மெல்லிசைக் குழுவின் முதலாளி. போத்தனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் கிருபாவின் கிட்டார் ரிப்பேர் கடைக்குள் குனிந்து நுழைந்து, அந்தப் பழைய அமெரிக்க பேஸ் கிட்டாரை அவரே மேசைமேல் வைத்தார்.

பெங்களூரில் வம்சி என்று ஒருவர் பழைய கிட்டார்களைச் சேர்க்கிறாராம். எண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போத்தனூரில் கிருபா என்பவர் கழற்றிப் பார்த்து எந்த வருடத்துச் சாமான் என்று சொன்னால் வாங்கிக்கொள்கிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறாராம்.

"எங்கப்பா ஊட்டில ஒரு எஸ்டேட் தொரைகிட்ட வாங்குனதுங்க அம்மணி. எண்ணு எப்பிடிப் போச்சுன்னே தெரியலீங்க."

எப்படிப் போனது என்று கிருபாவுக்குத் தெரியும். கிட்டார் திருட்டுப் போய்விட்டது என்று போலீசில் இவர் கொடுத்த புகாரில் அந்த எண்ணும் இருந்தது. திருட்டுப் போன சாமான் இவர் வீட்டுப் பரணிலேயே கிடப்பதை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே.

புகார், குழுவில் பேஸ் வாசித்த பிரவின்குமார் மேல். கிருபாவின் அண்ணன். தனியாகக் குழு தொடங்கப் போகிறேன் என்று சொன்னதுதான் அவன் செய்த ஒரே குற்றம். கூட்டம் பார்க்கப் பார்க்க, போலீஸ்காரர்கள் அவன் சட்டையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். கேஸ் நிற்கவில்லை. களவாணி என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு எந்தக் குழுவும் அவனைக் கூப்பிடவில்லை. இப்போது பல்லடத்தில் முட்டை வண்டி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைப் பை அவன் தலைக்கு மேலாகவே கைமாறி அடுத்த ஆளுக்குப் போகும். பையில் போடுவதற்குப் பதிலாக எடுத்துவிடுவானாம்.

அண்ணன் பொறுத்துக்கொண்டான். கிருபாவால் முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே, இந்த ஆள் நாசமாய்ப் போகணும் என்று முழங்காலில் நின்று ஜெபித்து வளர்ந்தவள் அவள்.

கம்பிகளைத் தளர்த்தினாள். திருகாணிகளைக் கழற்றிக் கிட்டாரின் கழுத்தைத் தனியே எடுத்தாள். கழுத்தின் அடியில் செய்தவர்கள் பென்சிலால் எழுதிய வருடம் இருந்தது. வம்சிக்குச் சொல்ல அது போதும். அவள் தேடியது அதையல்ல.

கழுத்து உட்காரும் குழியில் ஒட்டிக்கொண்டிருந்தது, பாதியாக வெட்டிய பழைய அட்டை ரயில் டிக்கெட். மேட்டுப்பாளையத்திலிருந்து போத்தனூர். கம்பிகள் கட்டையில் உரசுகின்றன என்று கழுத்துக்கு முட்டுக் கொடுக்க அண்ணன் வைத்தது. டிக்கெட் எடுத்த கிட்டார் என்று குழுவே அவனைக் கிண்டல் செய்யும். பாடுகிறவர்களைத் தவிர யாரையும் ஏறிட்டுப் பார்க்காத முதலாளிக்கு மட்டும்தான் அது தெரியாது. எண் போனாலும் அந்த அடையாளம் போகவில்லை.

"அந்தக் குப்பைய எடுத்து வீசிப்போடுங்க அம்மணி."

கிருபா எடுக்கவில்லை. போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டாள். முதலில் டிக்கெட்டைக் காட்டினாள்.

"எண்ணு இல்லீங்களா, திருட்டுச் சாமானோன்னு அவருக்கு ஒரு சந்தேகம் வருமுங்க. உங்க வாயாலயே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

திருமூர்த்தி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார். அப்புறம் என்னவோ யோசித்து நிறுத்தினார்.

தொலைந்து கிடைத்தது என்று இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போயிற்று. இத்தனை வருட ஜெபமும் வீண்.

"நான் திருமூர்த்திங்க. இது எங்க ஊட்டுச் சாமானுங்க. களவு போனதுமில்லீங்க, தொலைஞ்சதுமில்லீங்க. வாங்குன நாள்ல இருந்து ஒரு ராத்திரி கூட அடுத்தவன் ஊட்டுல தங்குனதில்லீங்க. எங்கப்பன் மேல சத்தியமுங்க."

கிருபா வீடியோவை நிறுத்தினாள்.

விற்கிற அவசரத்தில், அண்ணன் மேல் கொடுத்த புகார் அவர் நினைவுக்கே வரவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. அப்படிப்பட்டவர் இப்போது, சீக்கிரம் வம்சிக்கு அனுப்புங்கள் என்று அவசரப்படுத்தினார். அனுப்பினாள்.

மேசை இழுப்பறைக்குள் ஏதோ அதிர்ந்தது.

"ஏனுங்க அம்மணி, உள்ள போன் அடிக்குதுங்க."

கிருபா இழுப்பறையைத் திறந்து இன்னொரு போனை எடுத்தாள். போன ஈஸ்டரிலிருந்து வம்சி என்ற பெயரில் அவருக்குச் செய்தி அனுப்பிவந்தது அந்தப் போனிலிருந்துதான். அனுப்பிவந்தது அவள்தான்.

வீடியோ அதில் வந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு, தன் போனிலிருந்து அதைச் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். அண்ணனோடு மேடையேறியவர்களுக்கு ஒருவர் விடாமல் அனுப்பினாள். அண்ணனுக்குக் கடைசியாக அனுப்பினாள்.

"வம்சி பாத்துட்டாருங்களா?" என்று கேட்டார் திருமூர்த்தி.

"பாத்துட்டாருங்க" என்றாள் கிருபா. "இனி எல்லாரும் பாப்பாங்க."