நாலாம் நம்பர் பாட்டில்

"ஏம்மா, இந்தப் பாட்டிலுக்கெல்லாம் பேரே வைக்கலையா? பாவம்மா!"

முந்தாநாள் இதே ஆய்வகத்தில் உட்கார்ந்து மகள் கேட்ட கேள்வி. "அந்தப் பேரைக் கண்டுபிடிக்கிறதுதாண்டி பரீட்சை" என்று சொல்லிச் சிரித்தாள் வேதியியல் டீச்சர். இன்று அவளே கண்டுபிடித்தாக வேண்டும். சோதனைக்குழாய்களை வரிசையாக எடுத்து வைத்தாள்.

நாலாம் நம்பர் பாட்டிலில் பாதியைக் குழந்தை குடித்துவிட்டது.

பள்ளி விட்ட பிறகு அலுவலகம் வரை போய்விட்டு வந்தாள், அவ்வளவுதான். கீழ்த்தட்டுக்கு முன்னால் குழந்தை. கையில் பாட்டில், உதட்டில் ஈரம். அவள் போட்ட கத்தலில் ஓடிவந்த வாட்ச்மேன், குழந்தையை அள்ளிக்கொண்டு எதிர்த்தாற்போல் இருந்த மருத்துவமனைக்குப் பறந்தார். பின்னாலேயே ஓடியவளை டாக்டர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

"இங்க நின்னு அழுது என்னம்மா ஆகப்போகுது? என்ன குடிச்சிருக்கான்னு தெரியாம நான் எதுக்குன்னு மருந்து குடுக்கிறது? தப்பாக் குடுத்தா அதுவே ஆபத்து. போய்க் கண்டுபிடிச்சு போன் பண்ணுங்க."

நாளைக்குச் செய்முறைத் தேர்வு. எந்தப் பாட்டிலில் என்ன கரைசல் என்பது தேர்வு முடியும்வரை டீச்சருக்கும் தெரியக்கூடாது என்பது அந்தப் பள்ளி வழக்கம். கலக்கி, எண் ஒட்டி, தட்டில் அடுக்குவதெல்லாம் ஆய்வக உதவியாளர்தான். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சிடுமூஞ்சி. அவருடைய கைபேசி அணைந்து கிடந்தது.

"இது லேபா, இல்ல குழந்தைக் காப்பகமா டீச்சர்?" என்று நேற்றுகூட முகத்தில் அடித்தாற்போல் கேட்டவர். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று தெரிந்தும் கேட்டவர். பிள்ளையின் கைக்கு எட்டும் தட்டில் இதை வைத்துவிட்டுப் போக அந்த மனுஷனுக்கு எப்படி மனசு வந்தது?

ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டாள். வெள்ளையாகத் திரளவில்லை. அடுத்த குழாயில் பேரியம் குளோரைடு, கலங்கவில்லை. அமிலம் விட்டாள், நுரைக்கவில்லை. காரம் விட்டாள். நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை.

போன் அலறியது.

"ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"எதை விட்டாலும் ஒண்ணும் நடக்கல டாக்டர்."

"அப்போ நல்லதுதானே?"

"இல்ல டாக்டர். என் சோதனை எதுக்கும் பிடிபடாம ஏதோ ஒண்ணு இருக்கு. அதான் பயமா இருக்கு."

"வயிறு வலிக்குதுன்னு அழறா. சீக்கிரம் பாருங்க."

வயிறு வலிக்கிறதா, வயிறு வலிக்கிறதா என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டால் எந்தக் குழந்தைக்குத்தான் வலிக்காது? ஆனால் பெற்றவளுக்கு அதெல்லாம் யோசிக்கத் தோன்றுமா?

வருடக்கணக்கில் அவள் சொல்லிக்கொடுத்த வரிசை இது. முதலில் இதைப் பார், இது இல்லையென்றால் அதைப் பார். வரிசையின் முடிவில் எப்போதும் ஒரு பெயர் காத்திருக்கும். இன்று வரிசை முடிந்துவிட்டது, பெயர் வரவில்லை. எங்கோ தவறவிட்டோம் என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

'கடவுளே, ஒரு நிறம் காட்டு. கொஞ்சம் கலங்கலாவது காட்டு' என்று வேண்டிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட்டாள். குழாய்கள் அத்தனையும் பளிங்கு மாதிரி தெளிந்தே நின்றன.

மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். வாட்ச்மேன், உதவியாளர் வீட்டுக்கே ஆள் அனுப்பியிருக்க வேண்டும். மூச்சு இரைக்க வந்து நின்றார் சிடுமூஞ்சி.

"நாலாம் நம்பர்ல என்ன போட்டு வெச்சீங்க? வாயத் திறந்து சொல்லுங்கண்ணா!"

மேசைமேல் இருந்த பாட்டிலை எடுத்தார். மிச்சம் இருந்ததை மடமடவென்று குடித்துவிட்டார்.

அவள் அலறிவிட்டாள்.

"தண்ணி டீச்சர்" என்றார் அவர், வாயைத் துடைத்துக்கொண்டே. "வெறும் டிஸ்டில்டு தண்ணி. மொதல்ல டாக்டருக்குச் சொல்லுங்க."

சொன்னாள். மறுமுனையில் டாக்டர் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. "அதானே பார்த்தேன்! இப்பதான் பிஸ்கட் கேட்டா. வயித்து வலி எங்க போச்சுன்னே தெரியல."

அவள் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "பரீட்சைக்குத் தண்ணியவா வெச்சீங்க?"

"கீழ்த்தட்டுல இருக்கிறது அத்தனையும் தண்ணிதான். அசலை பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கேன். காலைல பசங்க வர்றதுக்குள்ள மாத்திடுவேன். பாப்பா இங்க வர ஆரம்பிச்சதுலேருந்து இப்படித்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா..."

"தட்டு காலியா இருந்தா ஏன்னு கேப்பீங்க. சொன்னா, மறுநாள்லேருந்து பாப்பாவக் கூட்டிட்டு வரமாட்டீங்க. அப்புறம் அது எங்க போகும்?"

வேறு யாரும் இல்லாத அந்த ஆய்வகத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலைக் கழுவத் தொடங்கினார்.

"எம் பொண்ணு பிரசவத்துல கஷ்டப்பட்டப்போ, போட்டது போட்டபடி ஓடிட்டேன். திரும்பி வந்து பாத்தா டியூப் எல்லாம் கழுவி அடுக்கியிருக்கு. உங்க விரலெல்லாம் ஆசிட் பட்டுப் பொத்துக் கெடந்துச்சு. அன்னிக்கு நீங்க யார்கிட்டயும் சொல்லல."

பாட்டிலைக் கவிழ்த்து வைத்தார்.

"நானும் சொல்லல."