மாடிப்படி

“ஸ்பேனரை மழையில போட்டது யாரு?”

மெக்கானிக் கேட்டு முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. பையன் சுவரில் மோதி நின்றான். ஒரு வருடப் படிப்புக்காக வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்றிலிருந்து வந்து மெக்கானிக் வீட்டில் தங்கியிருப்பவன். அவனுக்குப் பதிலாக மெக்கானிக்கின் மகள் அவன் வீட்டில் தங்கி, அவன் பள்ளியில் படிக்கிறாள்.

“மறந்துட்டேன் மாமா.”

“மறப்பியா? சோறு திங்க மறக்கறியா?”

இடது கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் அடுப்படியில் இருந்த அவர் மனைவிக்கே கேட்டது. கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

“ஏங்க, ஊரான் வீட்டுப் பிள்ளை அவன்.”

“மாடிப்படியில வழுக்கி விழுந்தான். டாக்டர்கிட்ட எல்லாரும் அதையே சொல்லணும்.”

சொன்னார்கள். பையனும் சொன்னான்.

மறுவாரம் மகள் வீடியோவில் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. இடது கையில் மாவுக்கட்டு.

“என்னம்மா ஆச்சு?” மெக்கானிக் பதறினார்.

“மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேம்பா.” பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற யாரையோ பயத்துடன் பார்த்தாள். இணைப்பு அறுந்தது.

மெக்கானிக் பையன் பக்கம் திரும்பினார்.

“உங்க வீட்டுல மாடி இருக்காடா?”

“இல்லை மாமா.” பையன் மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டான். “அன்னிக்கே அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவர் சத்தம்கூடப் போடல. எந்தக் கைன்னு மட்டும் கேட்டுக்கிட்டார்.”