இரண்டு நாள் தேநீர் கூடாது

"பொய் சொல்லாதீங்க லெனாக்ஸ் சார். பரிசோதனைக்கு முன்னாடி ரெண்டு நாள் டீயே கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? உங்க சிறுநீர்ல டீயோட பாலிஃபீனால் அப்படியே தெரியுது" என்றாள் நர்ஸ் ஐல்சா.

பெர்ரிப் பழங்களிலுள்ள பாலிஃபீனால் சத்து ஞாபகசக்தியைக் காக்குமா என்று அபர்டீன் நகரில் நடந்துகொண்டிருந்த ஆய்வு அது. அதில் தானாக முன்வந்து சேர்ந்திருந்த ஃபெர்கஸ் லெனாக்ஸ் தலைகுனிந்தார்.

"குடிச்சேன் சிஸ்டர்."

"எத்தனை கப்?"

"நேத்து மட்டும் பதினொண்ணு."

"பதினொண்ணா! அப்படி என்ன டீப் பைத்தியம்?"

"எனக்கு டீயே பிடிக்காது. என் மனைவி மோய்ரா, குடுத்ததை மறந்துட்டு மறுபடியும் மறுபடியும் போட்டுக் கொண்டாந்து நீட்டுறா."

"இப்பதானே குடிச்சேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஒரு தடவை சொன்னேன். இதுகூட மறந்துபோச்சேன்னு அன்னிக்குப் பூரா அழுதா. அவளை மாதிரி இருக்கிறவங்களுக்கு ஏதாவது வழி பிறக்காதான்னுதான் இந்த ஆய்வுலயே சேர்ந்தேன்."

விதி விதிதான்; ஐல்சா அவர் பெயரை ஆய்வுப் பட்டியலிலிருந்து அடித்தாள். பிறகு எழுந்து, அவருடைய கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா சார்? மோய்ரா கையால ஒரு டீ குடிக்கணும்."

லெனாக்ஸின் முகம் மலர்ந்தது.

"தாராளமா வாங்க. ஒவ்வொரு கப்பையும் முதல் கப் மாதிரியே வாங்கிக்கணும், அவ்வளவுதான்."