கூடத்தில் ஒரு குட்டி

ரெஜினாவின் கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம்கள் குடியிருந்தன. மூத்தது விழித்திருந்தால் இளையது தூங்கும். இளையது எழுந்தால் மூத்தது தூங்கிவிடும். ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததே இல்லை. இரண்டையும் தெரிந்தது, இரண்டையும் சுமந்துகொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும்தான்.

மூத்ததன் அறையில் ஒரு மெய்நிகர் கணினி இருந்தது, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடுகிற குட்டிக் கம்ப்யூட்டர். அச்சு அசலாக அதே குட்டி இளையதன் அறையிலும் இருந்தது. இரண்டும் சேர்ந்து டிஸ்க்கை மூச்சுவிட முடியாமல் அடைத்துக்கொண்டிருந்தன.

"அண்ணே, என்னோடதுதான் அசல். அவனோடதைத் தூக்கிப் போடச் சொல்லு" என்று மூத்தது எழும்போதெல்லாம் டிஸ்க்கை நச்சரிக்கும். இளையதும் எழுந்தவுடன் வார்த்தை மாறாமல் அதையே சொல்லும். எது முதலில் வந்தது என்று டிஸ்க்குக்கே மறந்துபோயிருந்தது.

இடமில்லை என்ற எச்சரிக்கை வந்த காலையில் ரெஜினா வேலையில் இறங்கினாள். இரண்டு அறைக்கும் பொதுவாக டிஸ்க்கில் ஒரு கூடம் உண்டு. ஒரு குட்டியை அங்கே நகர்த்தி, இரண்டு பக்கமிருந்தும் திறந்து பார்த்தாள். நன்றாகவே ஓடியது. மற்றதை அழித்துவிட்டாள். டிஸ்க் வெகுநாள் கழித்துக் காலை நீட்டிப் படுத்தது.

மதியம் மூத்தது எழுந்து கூடத்தை எட்டிப் பார்த்தது.

"பாத்தியாண்ணே! அவனோடது போச்சு, என்னோடதுதான் நின்னுது."

"ஆமாப்பா" என்றது டிஸ்க்.

சாயங்காலம் இளையது எழுந்து கூடத்தை எட்டிப் பார்த்தது. அது வாயைத் திறப்பதற்குள்ளேயே டிஸ்க் சொல்லிவிட்டது:

"ஆமாப்பா."