செடி எண்ணெய்

1958-இல் ஒரு காலைப் பொழுது, திண்டிவனம் டாக்டர் அரங்கநாதனுக்கு நன்றி சொல்ல வந்திருந்தாள் சந்திரவதி. மாலைக்கண் நோயால் அந்தியில் சுவரைத் தடவி நடந்த அவள் மகள், இப்போது விளக்கு வைத்த பிறகும் ஓடியாடுகிறாளாம்.

டாக்டருக்குச் சந்தோஷத்தோடு உறுத்தலும் இருந்தது. சந்திரவதி வீட்டார் சமணர்கள், முட்டைகூடத் தொடாதவர்கள். குழந்தையின் பார்வை போய்விடக் கூடாதே என்று, மீன் எண்ணெயைச் ‘செடி எண்ணெய்’ என்று சொல்லிக் கொடுத்திருந்தார். இன்று உண்மையைச் சொல்லிவிட நினைத்தார்.

“அந்த மருந்து வந்தும்மா...”

“மீன் எண்ணெதானுங்களே? மூடியத் தொறந்ததுமே நாத்தம் சொல்லிடுச்சு.”

“தெரிஞ்சுமா கொடுத்தீங்க?”

“எங்க குடுத்தேன்? கூடவே முருங்கைக்கீரையும் பப்பாளியும் போடச் சொன்னீங்களே, அதைத்தான் ரெண்டு மாசமா விடாம போட்டுக்கினு வந்தேன். நீங்க சொன்ன வார்த்தைதாங்க எம்பொண்ணுக்குக் கண்ணு குடுத்துச்சு.”

“நான் பொய் சொன்னதுக்குக் கோபம் இல்லையா?”

“எம்பொண்ணுக்காவ சொன்னதுதானே?” என்றவள், பையிலிருந்து நிறைந்த சீசாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். “வேற புள்ளைங்களுக்கு ஆவும். ஆனா மீனுன்னு சொல்லிக் குடுங்க டாக்டரய்யா!”